எந்த நகரம் நல்லம்? யாருக்கு?

எம்மவர்கள் நாலுபேர் கூடுகிற மண்டபங்களில் மூன்று பேச்சுகள் தவறாமல் வரும். ஒன்று, ஊரில் காணி என்ன விலை போகிறது என்பது. மற்றது, யாருடைய பிள்ளை என்ன படிக்கிறது என்பது. மூன்றாவது, எந்த நகரம் நல்லம் என்ற விவாதம். முதலிரண்டும் சாப்பாட்டுக்கு முன்னரே முடிந்துவிடும். மூன்றாவது, மண்டபத்துக்காரன் வெளிச்சத்தை அணைக்கும்வரை ஓயாது.

லண்டன்காரர் தொடங்குவார்: “பாரிஸ் என்ன பாரிஸ்? பிள்ளையளுக்கு இங்கிலீஷ் வேண்டாமே?” ரொறொன்ரோக்காரர் சிரித்துக்கொண்டு சொல்லுவார்: “எங்கடை இடத்திலை ஒரு சொல்லு இங்கிலீஷ் தெரியாமலே சீவிச்சு முடிக்கலாம். டொக்டர் தமிழ், லோயர் தமிழ், வீடு விக்கிறவனும் தமிழ்.” பாரிஸ்காரர் விட்டுக்கொடுப்பாரா? “ஆறு மாதம் பனிக்குள்ளை பேஸ்மென்ரிலை கிடக்கிறதுக்குப் பேர் சீவியமே?” என்பார். சுவிசிலிருந்து வந்தவர் விவாதத்தில் கலந்துகொள்ளமாட்டார். தன்னுடைய சம்பளத்தை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார்.

இது வெறும் பொழுதுபோக்கு என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் இந்தப் பேச்சு மண்டபத்தோடு நின்றுவிடுவதில்லை. தொலைபேசி வழியாக ஊருக்குப் போகிறது. அங்கே இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவன் “அண்ணை, எந்த நாடு நல்லம்?” என்று கேட்கிறான். 2022 இல் இலங்கையின் பொருளாதாரம் படுத்தபிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. எங்கள் வாயிலிருந்து வருகிற பதிலை நம்பித் தகப்பன் காணியை ஈடுவைக்கிறார், தாய் தாலிக்கொடியைக் கழற்றுகிறாள். பெடியன் ஏஜென்சிக்காரனின் கையில் போய் விழுகிறான். ஆகவே இது பொறுப்போடு பேசவேண்டிய விடயம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நகரங்களை அளப்பதற்கு நாங்கள் தூக்கிப் பிடித்திருக்கிற அடிமட்டம் எங்களுடையதல்ல. எங்களை வேலைக்கு வைத்திருப்பவனுடையது.

*

அந்த அடிமட்டம் எங்கே செய்யப்படுகிறது என்று முதலில் பார்ப்போம்.

வருடாவருடம் ‘வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள்’ என்றொரு பட்டியல் வெளியாகிறது. லண்டனின் ‘எக்கொனமிஸ்ற்’ குழுமத்தைச் சேர்ந்த ஆய்வுப் பிரிவு தயாரிப்பது. 173 நகரங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். 2011 தொடக்கம் 2017 வரை மெல்பேர்ன் முதலிடத்தில் இருந்தது. 2018, 2019 இலும் பின்னர் 2022, 2023, 2024 இலும் வியன்னா. 2025 இல் கொப்பன்ஹேகன். பட்டியல் வெளியான அன்றைக்கே எங்களுடைய ஆட்கள் அதைக் கைத்தொலைபேசியில் வைத்து ஆளுக்காள் காட்டத் தொடங்கிவிடுவார்கள். தன்னுடைய நகரம் மேலே இருந்தால், தானே பரீட்சையில் சித்தியடைந்தது போன்ற ஒரு பெருமிதம்.

பரீட்சைத் தாளைப் பார்த்தீர்களா? அமைதிக்கும் பாதுகாப்புக்கும் 25 வீதம். பண்பாட்டுக்கும் சுற்றாடலுக்கும் 25. மருத்துவத்துக்கு 20. வீதி, போக்குவரத்து முதலியவற்றுக்கு 20. கல்விக்கு 10. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் கதை தெரியும். கல்வியில் தனியார் பள்ளிக்கூடம் கிடைக்குமா, அதன் தரம் என்ன என்பதற்குத் தனித்தனிப் புள்ளி. மருத்துவத்திலும் தனியார் வைத்தியத்துக்குத் தனிப் புள்ளி. வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்ல தரமான வீடு கிடைக்குமா என்று. அந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு, அதைக் கட்டக்கூடியவன் யார் என்பது இந்தப் புள்ளிக்கணக்கிலேயே இல்லை. விலைவாசிக்கு வேறொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? பட்டியல் யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். ஒரு கொம்பனி தன்னுடைய அதிகாரியை வெளிநாட்டு நகரமொன்றுக்கு அனுப்பினால், அங்கே அவர் படப்போகிற கஷ்டத்துக்கு எவ்வளவு மேலதிகப் படி கொடுக்கவேண்டும் என்று கணக்குப் பார்ப்பதற்கான கருவி இது. 80 புள்ளிக்கு மேற்பட்ட நகரமென்றால் படி இல்லை. 70க்கும் 80க்கும் இடையில் என்றால் சம்பளத்தில் 5 வீதம் கூட்டிக் கொடுக்கலாம். இப்படியே ஏறி, 50 புள்ளியும் அதற்குக் குறைவும் என்றால் 20 வீதம். மேர்சர் என்ற இன்னொரு நிறுவனமும் இதேபோலப் பட்டியல் போடுகிறது. 2024 இல் சூரிச் அதில் முதலிடம். அதுவும் கொம்பனிக் கணக்குத்தான்.

ஆக, ஒரு நகரம் ‘சிறந்தது’ என்பதன் அர்த்தம், கொம்பனி அதிகாரிக்குக் கஷ்டப்படி கொடுக்கத் தேவையில்லை என்பதுதான். அந்த அதிகாரி இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு வைத்த கோப்பையைக் கழுவுகிறவனுக்குக் கஷ்டப்படி உண்டா என்ற கேள்வி அந்தத் தாளில் அச்சிடப்படவில்லை.

*

2025 இன் முதலாம் நகரத்தையே எடுப்போம். கொப்பன்ஹேகன் அழகான நகரம், மறுக்கவில்லை. துறைமுகத் தண்ணீரில் நீந்தலாம், சைக்கிளில் எங்கும் போகலாம். ஆனால் தமிழனுக்கு அந்த நகரத்தோடு பழைய கணக்கொன்று இருக்கிறது. 1987 இல் டென்மார்க்கின் நீதி அமைச்சராயிருந்த எறிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவதற்குக் கொடுத்த விண்ணப்பங்களைக் கவனிக்காமல் நிறுத்திவைக்கச் செய்தார். அந்த நாட்டுச் சட்டப்படியே எங்களவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. பல குடும்பங்கள் யுத்தத்துக்குள் காத்துக்கிடந்தன. விசாரணை அறிக்கை வெளிவந்தபோது 1993 யனவரியில் பிரதமர் போல் ஷ்லூற்றர் பதவி விலகினார். 1995 இல் நின்-ஹன்சனுக்கு 4 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. டென்மார்க் சரித்திரத்தில் இதற்குப் பெயரே ‘தமிழர் வழக்கு’. கொப்பன்ஹேகனைப் பற்றிப் பெருமை பேசுகிற எங்கள் இளசுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அது பழங்கதை என்பீர்கள். புதுக்கதை சொல்கிறேன். 2019 இலிருந்து டென்மார்க் அதிகாரிகள் சிரியாவின் டமாஸ்கஸ் பகுதி திரும்பிப் போகக்கூடிய அளவுக்குப் பாதுகாப்பாகிவிட்டது என்று முடிவெடுக்கத் தொடங்கினார்கள். 2021 அளவில் அந்தப் பகுதியிலிருந்து வந்த அகதிகள் பலருடைய வதிவிட அனுமதி பறிபோனது. இப்போது பட்டியலின் அடியைப் பாருங்கள். 2021 இலும் 2025 இலும் டமாஸ்கஸ்தான் கடைசி. ஒரே நகரம். கொம்பனி அதிகாரி போனால் 20 வீதம் கஷ்டப்படி. அகதி என்றால் ‘பாதுகாப்பானது, போய் இரு.’ இரண்டு கணக்குக்கும் உலகம் ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு.

வியன்னாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். ஏனெனில் அந்த நகரம் முதலிடம் பெற்றதற்குச் சொல்லப்படுகிற காரணமும் உண்மையான காரணமும் வேறுவேறு. சங்கீதம், மாளிகை, கோப்பிக்கடை என்று எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் வியன்னாவை வியன்னா ஆக்கியது வாடகை. முதலாம் உலகயுத்தத்துக்குப் பிறகு தொழிலாளர் கட்சி அந்த நகரசபையைப் பிடித்தது. 1923 இல் வீடுகட்டுவதற்கென்று தனி வரி கொண்டுவந்தார்கள். மாளிகையில் இருப்பவன் கூடக் கட்டவேண்டும், சின்ன வீட்டில் இருப்பவன் குறையக் கட்டவேண்டும். அந்தக் காசில் தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பின. கார்ல் மார்க்ஸ் ஹோவ் என்ற தொடர்மாடி ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். 1934 பெப்ரவரியில் வலதுசாரி அரசாங்கம் அந்தக் கட்டடத்துக்குப் பீரங்கியால் அடித்தது. இன்றைக்கும் அந்த நகரசபைக்குச் சொந்தமாக ஏறத்தாழ 220,000 வீடுகள் இருக்கின்றன. நகரத்துச் சனத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகரசபை வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்கள். 2012 தொடக்கம் 2025 வரை பஸ், ட்ராம், நிலக்கீழ் ரயில் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு 365 யூரோ, நாளுக்கு ஒரு யூரோ.

இதெல்லாம் யாரும் தானம் கொடுத்ததல்ல. வாடகைக்கு இருந்தவர்கள் கேட்டு, சண்டைபிடித்து, செத்து வாங்கியது. அதன் பலனைக் கொம்பனிக்காரன் தன் பட்டியலில் ‘வாழ்க்கைத் தரம்’ என்று எழுதிக்கொள்கிறான்.

அந்த வியன்னாவிலும் வாக்களிக்கும் வயதுடையவர்களில் மூன்றிலொருவருக்கு நாட்டுத் தேர்தலில் வாக்கில்லை. பிரசையில்லை என்பதுதான் காரணம். அங்கீகரிக்கப்பட்ட அகதிகூடச் சாதாரணமாகப் பத்து வருடம் இருந்தபிறகுதான் பிரசாவுரிமை கேட்கலாம். உலகத்தின் சிறந்த நகரத்தைத் தினமும் கூட்டித் துடைக்கிற கைகளில் எத்தனையோ கைகள் வாக்குச்சீட்டைத் தொட்டதேயில்லை.

*

இனி நான் இருக்கிற பாரிஸுக்கு வருகிறேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு என்னுடைய படிப்பு நின்றுபோனது. இங்கே வந்து முதலில் கோப்பை கழுவினேன். இப்போது மரக்கறி வெட்டுகிறேன், சோஸ் கிண்டுகிறேன், ஆள் வராத நாளில் திரும்பவும் கோப்பை கழுவுகிறேன். பாரிஸின் பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடையென்றாலும் இத்தாலியக் கடையென்றாலும் யப்பானியக் கடையென்றாலும் பின்கதவைத் திறந்து பாருங்கள். குசினிக்குள் யாழ்ப்பாணத்தானோ வங்காளியோ மாலிக்காரனோதான் நிற்பான். பிரெஞ்சுச் சமையலின் உலகப்புகழ் எங்களுடைய வியர்வையில் வேகிறது. இதைச் சொல்வதற்கு நான் வெட்கப்படவில்லை.

2020 இல் பாரிஸ் மேயர் தேர்தலின்போது ‘பதினைந்து நிமிட நகரம்’ என்றொரு கருத்தை ஆன் இதால்கோ முன்வைத்தார். கார்லோஸ் மொறேனோ என்ற பேராசிரியரின் யோசனை. வேலை, கடை, பள்ளிக்கூடம், வைத்தியர், பூங்கா எல்லாம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையிலோ சைக்கிளிலோ இருக்கவேண்டும். அருமையான யோசனை. எங்கள் கடைக்கு வருகிற வாடிக்கையாளருக்கு அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அவர் நடந்து வருகிறார், நடந்து போகிறார். அவருடைய பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கவேண்டுமென்பதற்காக நான் வடக்குப் புறநகரிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வருகிறேன். காலை பத்துக்கு வேலை. மூன்று மணிக்கு விடுவார்கள். ஆறு மணிக்குத் திரும்பவும் நிற்கவேண்டும். இந்த மூன்று மணித்தியாலத்துக்குச் சம்பளமில்லை. வீட்டுக்குப் போய் வரவும் நேரம் காணாது. ஆகவே பூங்கா வாங்கில் இருக்கிறேன். மழையென்றால் மெற்றோ நிலையத்துக்குள். உலகம் பார்க்க ஏங்குகிற பாரிஸை நான் இப்படித்தான், ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம், வாங்கில் இருந்து பார்க்கிறேன்.

இரவு குசினி கழுவி முடியப் பன்னிரண்டரை. வாரநாட்களில் மெற்றோவின் கடைசி ஓட்டம் ஏறத்தாழ ஒன்றேகாலோடு முடியும். முதலாளி “இன்னும் ஒரு மேசை” என்றால் கடைசி வண்டி போய்விடும். பிறகு இரவு பஸ். அதற்குள் பார்த்தால் உண்மையான பாரிஸ் இருக்கும். துப்புரவுக்காரர், காவலாளி, சமையல்காரர். எல்லோரும் நித்திரை. பகலில் உல்லாசப் பயணிகள் படமெடுக்கிற நகரத்தை இரவில் கழுவி வைத்துவிட்டுத் தூரப்போய்ப் படுப்பவர்கள்.

ஏன் தூரப்போய்ப் படுக்கிறார்கள்? 2002 இன் அரசாணைப்படி பாரிஸில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுக்க அது 9 சதுரமீற்றராவது இருக்கவேண்டும். அந்த ஒன்பதுக்கும் என் சம்பளத்தின் பாதி வேண்டும். மூன்று மாதச் சம்பளத்துண்டு வேண்டும், பொறுப்பு நிற்க ஆள் வேண்டும். பாரிஸ் பிராந்தியத்தில் குறைந்த வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிற குடும்பங்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். ஆகவே புறநகரில் ஓர் அறையில் நாலுபேர். கட்டிலுக்கு வாடகை. பகல் வேலைக்காரன் எழும்ப, இரவு வேலைக்காரன் படுப்பான்.

சம்பளக் கதையையும் சொல்கிறேன். 2024 நவம்பரில் பிரான்சின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 11.88 யூரோ ஆனது, கழிவுகளுக்கு முன்னர். மாதப் பயணச்சீட்டு 2025 இல் 88.80 யூரோ, பாதியை முதலாளி கொடுக்கவேண்டுமென்பது சட்டம். இதெல்லாம் பதிவில் வேலை செய்பவனுக்கு. காட் இல்லாதவனுக்குக் கையில் கொடுப்பதுதான் சம்பளம், முதலாளி சொல்வதுதான் சட்டம். 2024 யனவரிச் சட்டத்தின்படி, ஆள் தட்டுப்பாடான வேலையில் 24 மாதத்துக்குள் 12 மாதம் வேலை செய்ததையும் மூன்று வருடம் பிரான்சில் இருந்ததையும் காட்டினால் விசா கேட்கலாம். அது எந்தெந்த வேலை என்பதை அரசாங்கப் பட்டியல்தான் தீர்மானிக்கும். 2025 யனவரியில் வந்த சுற்றுநிருபம் மற்ற வழிகளுக்கு ஏழு வருடம் என்று நீட்டியது. சம்பளத்துண்டு இல்லாமல் வேலை வாங்குகிற நகரம்தான், வேலை செய்ததற்குச் சம்பளத்துண்டு கொண்டுவா என்றும் கேட்கிறது.

2024 ஒலிம்பிக் வந்தது. அதற்கு முந்திய ஒரு வருடத்துக்குள் பாரிஸையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கூடாரங்கள், கைவிடப்பட்ட கட்டடங்களிலிருந்து 12,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டதாக உதவி அமைப்புகளின் கூட்டமைப்பொன்று கணக்கிட்டது. பலரைப் பஸ்ஸில் ஏற்றித் தூர நகரங்களுக்கு அனுப்பினார்கள். இந்தப் பஸ்ஸை நாங்கள் முன்னரே பார்த்திருக்கிறோம். 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை, நோயாளியென்றும் பாராமல் வயோதிபரென்றும் பாராமல், பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். அடுத்தநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நகரம் யாரைப் பஸ்ஸில் ஏற்றி வெளியே அனுப்புகிறது என்று பாருங்கள். அது யாருடைய நகரம் என்று தெரிந்துவிடும்.

*

அப்படியென்றால் லண்டன் திறமா? ரொறொன்ரோ திறமா?

இங்கிலீஷ் என்ற ஒரேயொரு காரணத்துக்காக ஐரோப்பாவில் பிரசாவுரிமை எடுத்த எங்கள் குடும்பங்கள் எத்தனையோ லண்டனுக்கு இடம்பெயர்ந்தன. பிரித்தானியா 2020 இல் ஐரோப்பாவை விட்டுப் பிரிந்ததோடு அந்தக் கதவு மூடியது. லண்டனின் நல்ல குணமொன்றை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் அடையாள அட்டை காட்டு என்று மறிப்பது குறைவு. இங்கே பிரான்சில் உரிமைகள் பாதுகாவலர் அலுவலகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பர் அல்லது அரபியர் என்று தோன்றுகிற இளைஞர்களைப் பொலிஸ் மறிக்கிற சாத்தியம் மற்றவர்களைவிட 20 மடங்கு அதிகம். ஆனால் லண்டனில் தெருவில் கேட்காததை வீட்டுக்காரன் கேட்கிறான். 2016 பெப்ரவரி தொடக்கம் இங்கிலாந்து முழுவதிலும் வாடகைக்கு விடுபவன் விசா பார்க்கவேண்டும். அதே வருடம் விசா இல்லாமல் வேலை செய்வதையே குற்றமாக்கினார்கள். உழைத்த காசையும் பறிக்கலாம். தஞ்சம் கேட்டவனுக்கு ஒரு வருடம் வேலை அனுமதியில்லை. அதற்குப் பிறகும் அரசாங்கம் பட்டியலிட்ட வேலைகளுக்கு மட்டும்தான் கேட்கலாம். கோப்பை கழுவுவது அந்தப் பட்டியலில் வராது.

ரொறொன்ரோவில் 2013 பெப்ரவரியில் நகரசபை ஒரு தீர்மானம் எடுத்தது. நகரத்தின் சேவைகளுக்கு வருபவர்களிடம் விசா நிலையைக் கேட்கக்கூடாதென்று. நல்ல விடயம். ஆனால் 2010 இல் ‘சன் சீ’ கப்பலில் போன 492 தமிழர்களைப் பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் அடைத்துவைத்ததும் அதே கனடாதான்.

ரொறொன்ரோவின் பெரிய சிறப்பு ‘முழுக்க எங்கடை சனம்’ என்பது. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெருநகரம் ஒரு மனிதனுக்குக் கொடுக்கிற முதலாவது விடுதலை, அவன் யார் என்று யாருக்கும் தெரியாதிருப்பதுதான். ஸ்காபரோவிலோ ஹரோவிலோ லா சப்பலிலோ ஒரு தமிழ்க்கடைக்குள் போனால் பத்தாவது நிமிடத்தில் கேள்வி வரும்: “தம்பி ஊரிலை எவடம்?” ஊரைச் சொன்னால் போதாது. “அதிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?” இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தயங்குகிறவன் எந்தச் சாதிக்காரன் என்பது கேட்பவருக்குத் தெரியும். கேட்பதே அதற்காகத்தான். தனியாக அறை எடுத்து, வேலைக்குப் போய், இரவு கடைசி ரயிலில் வருகிற ஒரு தமிழ்ப் பெண்ணைக் கேளுங்கள், எந்த நகரம் நல்லமென்று. எங்களுடைய சனம் குறைவாக உள்ள நகரம் என்றுதான் சொல்லுவாள். ஆயிரம் மைல் தாண்டிவந்து, பத்துலட்சம் பேருக்கு நடுவில், ஒரு குறிச்சியைக் கட்டி அதற்கு வேலியும் அடைத்துவிட்டு, ‘இதுதான் உலகத்திலேயே நல்ல நகரம்’ என்கிறோம்.

இவ்வளவும் பேசிவிட்டு அடிப்படையான உண்மையொன்றை மறந்துவிடுகிறோம். எங்களில் யார் நகரத்தைத் தெரிவுசெய்தோம்? ஏஜென்சிக்காரன் எங்கே இறக்கினானோ அங்கே இறங்கினோம். 1990 இல் கையெழுத்தாகி 1997 இல் நடைமுறைக்கு வந்த டப்ளின் ஒப்பந்தம், உள்ளிட்ட நாட்டிலேயே தஞ்சம் கேள் என்றது. 2003 தொடக்கம் கைரேகையைக் கணினியில் ஏற்றினார்கள். பெயர்களும் விதிகளும் பிறகு மாறின. உன்னுடைய விரல் எங்கே பதிந்ததோ அதுதான் உன்னுடைய நாடு என்ற சாரம் மாறவில்லை. லண்டனுக்கென்று வெளிக்கிட்டவன் பாரிஸில் நிற்கிறான். கனடாவுக்கென்று வெளிக்கிட்டவன் சூரிச்சில். பிறகு அவரவர் நின்ற இடத்துக்குப் பெருமை கட்டுகிறோம். தற்செயலைத் தெரிவு என்று சொல்லிக்கொள்வது மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த ஆறுதலுக்காக ஊரிலுள்ள பெடியனிடம் பொய் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

*

பாரிஸையும் லண்டனையும் கீழிருந்து பார்த்து ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறார். 1933 இல் வெளிவந்தது. எழுதிய ஜோர்ஜ் ஓர்வெல் பாரிஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவியவர். நகரத்தை அளக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து என்னுடைய கேள்வித்தாளைத் தருகிறேன். ஐந்து கேள்விகள்.

நகரத்தின் கோப்பை கழுவுகிறவன் அந்த நகரத்துக்குள்ளேயே படுக்க முடியுமா? இரவு வேலை முடிந்தபின் அவன் வீடுபோகப் போக்குவரத்து இருக்கிறதா? காட் இல்லாமல் வருத்தம் வந்தால் வைத்தியரிடம் போகலாமா, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாமா? எத்தனை வருடத்தில் அவனுக்கு வாக்கு? ‘நீ யார், எவடம்?’ என்று கேட்காமல் அவனை விட்டுவிடுவார்களா?

முதலாவதில் வியன்னாவுக்குக் கூடப் புள்ளி. ஆனால் அங்கேயும் நகரசபை வீட்டுக்கு ஒரே முகவரியில் இரண்டு வருடம் பதிவு வேண்டும். இரண்டாவதில் லண்டன், இரவு பஸ் உண்டு, 2016 தொடக்கம் வெள்ளி, சனி இரவுகளில் சில தடங்களில் நிலக்கீழ் ரயிலும் உண்டு. மூன்றாவதில் பாரிஸ், மூன்று மாதம் இருந்துவிட்டால் காட் இல்லாதவனுக்கும் அரசாங்க மருத்துவ உதவி உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அந்த மருத்துவ உதவியை வெட்டவேண்டுமென்று தேர்தலுக்குத் தேர்தல் கத்துகிறார்கள், இன்னும் முடியவில்லை. நாலாவதில் எவரும் சித்தியில்லை. ஐந்தாவதில் ரொறொன்ரோ நகரசபைக்கு அரைப் புள்ளி. எங்களுடைய சனம் எந்த நகரத்திலிருந்தாலும் முட்டை.

பெடியன் கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டும். சம்பளத்தைச் சொல்லும்போது கட்டில் வாடகையையும் சொல்லுங்கள். ஈபிள் கோபுரத்துப் படத்தை அனுப்பும்போது இரவு பஸ்ஸின் படத்தையும் அனுப்புங்கள். எத்தனை வருடம் காட் இல்லாமல் இருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் வருவானென்றால் வரட்டும். வருவதற்கு அவனுக்கு என்ன காரணமிருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டு வரட்டும்.

இவ்வளவு சொன்னதால் நான் பாரிஸை வெறுக்கிறேன் என்று யாராவது எழுதுவார்கள். இல்லை. நான் கழுவித் துடைத்த நகரம், எனக்கும் அதில் பங்கிருக்கிறது. பங்கிருப்பவன் எந்த நகரம் நல்லமென்று விவாதம் செய்துகொண்டிருக்கமாட்டான். இருக்கிற நகரத்திடம் தனக்குரியதைக் கேட்பான். 1923 இல் வியன்னாவில் வாடகைக்கிருந்த தொழிலாளர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நாங்கள் நாற்பது வருடமாக நகரங்களுக்குப் புள்ளி போடுகிறோம். கேட்பதற்கு இன்னும் தொடங்கவில்லை.